ஆம்பூர்ப் பூங்காவின் நாகலிங்க மரம்

இன்று பெங்களூரில் ஒரு கோயில் வாசலைக் கடக்கையில் நாகலிங்கப் பூவின் வாசனை வந்தது. ஆம்பூர்ப் பூங்காவில், ஊருக்கே ஒன்றாய் நின்ற அந்தப் பழைய மரத்தடியில், ஞாயிறு மாலைகளில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த சிறுமியாகிவிட்டேன்.

தோல் பதனிடும் வேலையில் அப்பாவுக்கு மோப்பமே போய்விட்டிருந்தது. உதிர்ந்த பூவை என்னிடம் கொடுத்து, "இன்னா வாசனைம்மா, சொல்லு" என்பார். ரோஜா என்பேன், மாம்பழம் என்பேன், மழை என்பேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நடைபாதை போடுவதற்காக மரத்தை வெட்ட வந்தவர்களிடம், "வேணாம்ப்பா, ஊருக்கே இது ஒண்ணுதான் இருக்குது" என்று கெஞ்சினார். "எங்களுக்கு இன்னா தெரியும், மேல போய்க் கேளு" என்றார்கள். மாலைக்குள் மரம் சாய்ந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினார்.