கருவாட்டுக் கிட்டங்கியில் நின்ற ஹெரால்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. கார் பாகங்களை அதற்குள் தொங்கவிட்டு உப்புத் தண்ணீரைப் புகையாக அடித்துக்கொண்டே இருப்போம். எத்தனை மணி நேரத்தில் துரு ஏறுகிறது என்று குறித்து வைப்பது என் வேலை. போன வாரம் ஒரு கதவுக் கீலை எடுக்க மூடியைத் திறந்தபோது ஈர இரும்பின் வாசனை முகத்தில் அடித்தது. கீலைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் காரை நினைத்தபடி நின்றுவிட்டேன். குறிக்க வேண்டிய நேரத்தைக் குறிக்கவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

எங்கள் ஊர் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், கடலோரம். பெரியப்பா இருபது வருஷம் குவைத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். 2006இல் ஊரோடு திரும்பி வந்தவர் வீடு கட்டுவார் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவர் குலசேகரத்தில் ஒரு எஸ்டேட்காரரிடம் இருந்து பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கி வந்தார். வெளிர் பச்சை, இரண்டு கதவு. என் அப்பாவை விட அதற்கு வயது கொஞ்சம்தான் குறைவு. அரபிகள் இப்படிப்பட்ட வண்டிகளைத் துணி போர்த்தி வைத்திருந்து பத்து வருஷம் கழித்து விற்பதை அவர் அங்கே பார்த்திருக்கிறார். அவருக்கு ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ கிடையாது. "எனக்கு பென்ஷன் இல்ல கேட்டியா. இதுதான் பென்ஷன்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

பென்ஷனை ஓட்ட அவருக்குத் தெரியாது. இருபது வருஷம் கார் பாகங்களோடு வாழ்ந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததில்லை. ஓட்டத் தெரிந்தவர் அவர் தம்பி, அதாவது என் அப்பா. அப்பா மீன் ஏலக்கூடத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டி ஓட்டினார். நாள் முழுக்க ஈரச் சாக்கும் டீசலுமாக இருந்த மனுஷன், ஹெரால்டைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவார். அதன் பானெட்டைத் திறந்தால் காரின் முகம் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து இஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். நான் இஞ்சினியரிங்கில் மெக்கானிக்கல் எடுத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்த டயர் ஒன்றுதான் காரணம்.

பேட்டரி செத்துவிடும் என்று பயமுறுத்தி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பா அனுமதி வாங்கியிருந்தார். சர்ச்சில் பூசை முடிந்து கிளம்புவோம். சிதறால் மலையடிவாரம் வரை போயிருக்கிறோம். சுசீந்திரத்துக்குப் பல தடவை, ரசவடை தின்பதற்காக மட்டும். பெரியப்பா இடது சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து குழிக்குக் குழி "பைய போலே, பைய போலே" என்பார். ஓடின கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதும் வேலையை பிளஸ் ஒன் படித்த எனக்குக் கொடுத்திருந்தார். அப்பா அவருக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டினால் காட்டிக்கொடுப்பதற்குத்தான் அந்த நோட்டு என்பது எனக்கு உடனே புரிந்தது. இருந்தாலும் தேதி, இடம், தூரம் என்று கட்டம் போட்டு அழகாக எழுதினேன். கட்டம் போடக் கிடைத்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

"ஓடாத வண்டிக்குத்தான் வெல, சூசை" என்பார் பெரியப்பா.

"ஓடாதத வண்டின்னு சொல்லாதீய. அலமாரின்னு சொல்லுங்க" என்பார் அப்பா.

2010இல் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நேரம். கூட்டத்துக்குள் வண்டி ஊர்ந்தபோது யாருடைய குடைக்கம்பியோ கதவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டது. பெரியப்பா அன்று முழுக்க அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் வண்டியைப் பூட்டி வைக்க முடிவு செய்துவிட்டார். அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். எப்படி வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். குடும்பத்தில் ஒருவர் என்னிடம் தொழில்நுட்ப ஆலோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து பதினொரு அம்சங்கள் எழுதினேன். பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டும். சக்கரம் தரையில் படாமல் கட்டை கொடுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும். எலி நுழையாமல் சைலன்சரைத் துணியால் அடைக்க வேண்டும். இப்படிப் பதினொன்று. பெரியப்பா அதை அட்டையில் ஒட்டி, வண்டி நின்ற கிட்டங்கிக் கதவின் உள்பக்கம் மாட்டினார்.

அது தாத்தா கருவாடு சேர்த்து வைத்த கிட்டங்கி. சுனாமியில் கடல் உள்ளே வந்த வருஷத்தோடு வியாபாரம் நின்று காலியாகக் கிடந்தது. தடித்த சுவர், ஓட்டுக் கூரை, ஒரே கதவு, பெரிய பூட்டு. மழை ஒழுகாது, திருடன் வரமாட்டான். ஊரில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று அப்பா உட்பட எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐந்து வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர், மரியாதையான மனிதர். பெரியப்பா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கதவைத் திறந்ததும் வந்தவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். எங்களில் யாருக்கும் அது ஏன் என்று விளங்கவில்லை. அவர் காரைச் சுற்றி வந்து, அடியில் படுத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் தரைத் தகட்டை மெதுவாக அழுத்தினார். முறுக்கு நொறுங்கும் சத்தத்தோடு அது உள்ளே போனது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"இந்த ரூம்ல முன்னாடி என்னங்க வெச்சிருந்தீங்க?"

நாற்பது வருஷம் உப்பு குடித்த தரை அது. மழைக்காலம் தோறும் வியர்த்திருக்கிறது. வண்டியின் அடிப்பக்கம் அந்த வியர்வையில் ஊறியிருக்கிறது. உப்பு வாசனை எங்களுக்கு ஒரு வாசனையாகவே தெரியாது. அதிலேயே பிறந்து வளர்ந்த மூக்குகள். நான் அப்போது பொறியியல் பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கதவில் என் பதினொரு அம்சங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பானெட்டும் டேஷ்போர்டும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் கிளம்பினார். பெரியப்பா சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் மன்னிப்பு கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். "நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல மக்களே. எடம் காட்டினது நான்லா" என்றார்.

அப்பா ஐஸ் வண்டியின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டு நாள் முன் டயரின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். சிலிண்டர்களில் நான் விடச் சொன்ன எண்ணெய் தன் வேலையைச் செய்திருந்தது. இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தரைத் தகடு இருந்த இடத்தில் மீன் பெட்டிப் பலகைகளைக் குறுக்கே போட்டார்.

"ஏறுங்கண்ணே" என்றார்.

"இனி இத ஓட்டி என்னத்துக்குலே?"

"இனி என்ன கொறஞ்சுரப் போவுது?"

சுசீந்திரம் ரோட்டில் வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக இருந்தன. வழக்கம்போலப் பின்சீட்டில் நோட்டோடு நான். மீட்டர் செத்துப்போயிருந்ததால் எழுத எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பெரியப்பா காலால் ஒரு பலகையை நகர்த்திக் குனிந்து பார்த்தார். கீழே தார் ரோடு வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நிமிராமலே சொன்னார்.

"கொஞ்சம் விட்டு ஓட்டுலே சூசை."

அப்பா வேகமாக விட்டு ஓட்டினார். பெரியப்பா ரசவடைக் கடை வரும்வரை ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

அடுத்த மாதம் பானெட்டும் டேஷ்போர்டும் கோயம்புத்தூருக்குப் போயின. மற்றது எடைக்குப் போனது. பெரியப்பா இப்போது இல்லை. கிட்டங்கியை இடித்து யாரோ அங்கே மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பயணம் மட்டும் அதில் இல்லை.

சென்னைக்கு வந்த பிறகு அந்த மூக்கும் போய்விட்டது. இப்போதெல்லாம் ஊருக்குப் போகும்போது, பஸ் மண்டைக்காட்டை நெருங்கும் முன்பே உப்பும் கருவாடும் வந்து அடிக்கின்றன. பக்கத்து சீட்டில் ஊர்க்காரப் பெண்கள் எதுவுமே இல்லாததுபோலப் பேசிக்கொண்டு வருகிறார்கள். இன்றைக்கு அந்தப் பட்டியலைக் கேட்டால், இடத்தைப் பற்றி அன்று விட்டுப்போன பன்னிரண்டாவதைத்தான் முதலில் எழுதுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.