எஸ்தர் எழுதிய முதல் தாள்

சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஸ்டோர்கீப்பர் செல்வம் போனில் கூப்பிட்டார். "அண்ணே, எஸ்தர் மேடம் போயிட்டாங்கண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." கேட் திறக்கும்வரை என்னால் நிற்க முடியவில்லை. இறங்கி நடந்தேன். எந்தப் பக்கம் நடக்கிறேன் என்பதே வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. நாலு நாளாகிறது. இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் எழுந்து எழுந்து நடந்துதான் எழுதுகிறேன்.

நம் மாம்பழ ஜூஸ் கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கிள்ளைக்காரர், லேபுக்குப் பொறுப்பு. நான் பர்ச்சேஸ். என்னைவிட நாலு மாதம் மூத்தவர், ஆனாலும் என்னை 'அண்ணே' என்பார். ஏன் என்று கேட்டால், "வயசுக்கு இல்லண்ணே, வழுக்கைக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். எந்தச் சாமான் வந்து இறங்கினாலும் அவர் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார். வாடை பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எனக்கு எரிச்சல் வராத நாளில்லை.

2007 சீசனுக்கு ஜூஸ் ஓடப் புதுக் குழாய் லைன் போட்டோம். அதற்கு வால்வு வாங்க நான் சென்னைக்குப் போனேன். பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடம் வாங்குகிறவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். பையிலிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல ஸ்டீல்தான் என்று பளபளவென்றிருந்த, உருண்டை வைத்த 'பால்' வால்வுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். எஸ்தர் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த உருண்டையைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"வெளிய மினுக்குது சரி. உள்ள எப்படிண்ணே கழுவுவீங்க?"

"சுடுதண்ணி விட்டா தானா கழுவிடும்."

"உருண்டைக்குப் பின்னால ஜூஸ் போய் உக்காந்துக்கும். அங்க எந்தத் தண்ணியும் போவாது. கையால கிளாம்ப்பைக் கழட்டுற பட்டர்ஃபிளை வால்வு கேளுங்க. கழட்டிப் பாக்க முடியாத எதையும் சுத்தம்னு சொல்லாதீங்க."

அது வர மூன்று வாரம் ஆகும். மாம்பழம் மூன்று வாரம் காத்திருக்காது. அவர் ஆய்வுத் தாளில் 'ஜூஸ் லைனுக்கு ஆகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "முதலாளி பார்த்தா என் வேலை போயிடும் மேடம். சீசன் முடியட்டும், நானே மாத்திடுறேன்" என்று கெஞ்சினேன். பிறகு வேறொரு தாளில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தார். முதல் தாளை நான் கிழித்துப் போட்டேன்.

அந்த வால்வுகளோடே லைன் ஓடியது. சீசன் பாதியில், சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய பாட்டில்கள் குடோனிலேயே புளித்து மூடி உப்பிக்கொண்டன. ஒன்றைக்கூட வெளியே விட மாட்டேன் என்று எஸ்தர் கதவுக்குக் குறுக்கே நின்றார். வால்வுகளைக் கழற்றி, ஒன்றை இரண்டாக அறுத்தோம். உருண்டைக்குப் பின்னால் பழைய ஜூஸ் கூழாகிக் கிடந்தது. புளித்த நாற்றம். முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்: "இதைப் பாத்துத்தானே லேப்ல சரின்னு எழுதுனீங்க?" எஸ்தர் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதியிருக்கக் கூடாது சார். என் தப்புதான்."

எட்டு மாதம் அவரைப் பாட்டில் கழுவும் ஷெட்டில் போட்டார்கள். ரப்பர் பூட்ஸோடு ஈரத்தில் நிற்பார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். ஒரு நாள் எதிரில் வந்துவிட்டார். "இன்னாண்ணே, வழி மாறிப் போறீங்க? புது வால்வுக்கு கேஸ்கட் நல்லதா வாங்கிக் குடுங்க, கறுப்பு ரப்பர் வேணாம், வாடை அடிக்கும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுபடி லேபுக்கு வந்ததும் அறுத்த அந்த வால்வைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். யார் கேட்டாலும், "எங்க பழைய தப்பு" என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஐந்து வருஷத்தில் நூறு தடவையாவது வாயைத் திறக்கப் போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் டீ வந்துவிடும், இல்லையென்றால் போன் அடிக்கும். அடிக்காவிட்டால் நானே யாருக்காவது அடிப்பேன்.

கிள்ளையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது நம்மில் ஒருவர் சொன்னார்: "தங்கமான மனுஷி. அந்த ஒரு வால்வு விஷயத்துலதான் கோட்டை விட்டுட்டாங்க." நான் அங்கேயும் தலையாட்டினேன். மண் ஈரம்கூடக் காயவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவர் கோட்டை விடவில்லை. பார்த்தார், சொன்னார், எழுதியும் கொடுத்தார். கிழித்தவன் நான். பேசாமல் நின்றவனும் நான்.

அறுத்த வால்வை லேபில் கேட்டு வாங்கி வந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். நேற்று அதன்மேல் ஒரு தாளை ஒட்டினேன். அவர் எழுதிய அதே வரி: 'ஜூஸ் லைனுக்கு ஆகாது. எஸ்தர்.' அதற்குக் கீழே, 'தெரிந்தே கிழித்தவன்' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.