ஸ்பீக்கர் அக்காவின் இன்டர்வியூ

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ஸ்பீக்கர் அக்கா என்று பெயர். மூன்றாம் மாடியில் அவள் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் முதல் மாடிக்காரர்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம். இந்தக் கேலிக்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. அது பிறவித் தொண்டை இல்லை, புருஷனுக்காக வளர்த்தது.

அவர் ஆணி செய்யும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவர். கம்பியைக் கடித்துத் துப்பும் அந்த மெஷின் அவருடைய காதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றுவிட்டது. காதில் மாட்டுகிற கருவி வாங்கியும் பார்த்தாயிற்று, தலைவலிதான் மிச்சம். "இருக்கறதாவது நிக்கணும்னா அந்த மெஷினை விட்டு வந்துடுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்துவிட்டால் அடுப்பில் உலை எப்படி ஏறும்? அதனால்தான் அவள் வேலை தேடிக் கிளம்பினாள்.

முதலில் ஒரு பல் டாக்டரிடம் போனாள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைக்கிற வேலை. "உங்களைப் பத்தி சொல்லுங்க" என்றார்கள். சொன்னாள். பக்கத்து அறையில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உலகத்துக்கே தெரியும்.

அடுத்து அமைந்தது ஒரு குழந்தைகள் க்ளினிக். "காய்ச்சல்ல தூங்கற பிள்ளைங்க இருக்கற இடம். மெதுவா பேசறவங்கதான் வேணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அப்போதே பாதி நம்பிக்கை போய்விட்டது.

"நான் பழக்கி விடறேன்" என்றார் புருஷன்.

"உங்களுக்குத்தான் காதே கேக்காதே!"

"அதனாலதான் சொல்றேன். நீ பேசறது எனக்குக் கேட்டா தப்பு. கேக்கலைன்னா சரி."

இப்படி ஒரு வாத்தியார் யாருக்குக் கிடைப்பார்? வேலையிலிருந்து வந்ததும் குளித்து, சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டராக உட்கார்ந்தார். "என்ன படிச்சிருக்கீங்க?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பார். அவள் வாயைத் திறந்தவுடன் இவர் கை உயரும். கேட்டுவிட்டது, தப்பு. மறுபடி ஆரம்பம். முதல் சில நாட்கள் அந்தக் கை கீழே இறங்கவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவள் ஒரு பதிலை முழுசாகச் சொல்லி முடித்தாள். கை மேஜைமேலேயே இருந்தது.

"பிரமாதம்!" என்றார்.

"என்ன சொன்னேன்னு தெரியுமா?" என்று அதே குரலில் கேட்டாள்.

"பிரமாதம்!" என்றார் மறுபடியும்.

பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அவள் நாள் முழுக்க அப்படியே பேசினாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட்டாள். வீடு அடங்கிப்போனது. கீழ் வீட்டுத் தையல்காரி மாடியேறி வந்து, "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கேட்டே விட்டாள். அவரோ, அடுப்படியில் அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "ஏதாவது சொன்னியா?" என்பார். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். கொஞ்ச நேரம் போனால் திரும்பவும், "ஏதாவது சொன்னியா?"

இன்டர்வியூ அன்று டாக்டரம்மாவின் அறையில் ஒரு தாயின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். குழந்தை அசையவில்லை. "திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். கதவைத் திறந்த புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். ஆனால் இத்தனை நாள் பழகிய குரலில்தான் அது வந்தது. சொல்லும்போதே கண் நிரம்பிவிட்டது. அவருக்குத் தெரிந்தது அந்தக் கண்ணீர் மட்டும்தான்.

"சரி விடு, அழாதே" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "இது போனா என்ன இப்போ? நான் மெஷின்லயே இருந்துக்கறேன்."

அவள் இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள். அவர் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"காதுதானே, போனா போகட்டும். உன் சத்தத்தை வேணுங்கற அளவுக்குக் கேட்டு வச்சிருக்கேன். எனக்கு அது போதும்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, காதோடு வாய் வைத்து, குடியிருப்பே அதிரக் கத்தினாள்.

"வேலை கிடைச்சிடுச்சுங்க! நாளைக்கே போய் அந்தப் பாழாப்போன மெஷினை விட்டுட்டு வாங்க!"

கீழே தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அவர் அப்படியே நின்றார், காதை அவள் வாயிலிருந்து எடுக்காமல்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார். "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லு."