பாஸ்கலிலும் அரி, ஜாவாவிலும் அரி

புரோகிராமிங் படிப்பிக்கிறது எண்டால், ஆரும் கேக்காத கேள்விக்குச் சரியான பதிலை வைச்சுக்கொண்டு காத்திருக்கிற தொழில். இதில அடிபட்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

என்னத்துக்கு?

சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் மட்டக்களப்பில வந்து இறங்கின காலம். எங்கட கம்பியூட்டர் சென்டரில டைப்பிங் வகுப்பில நிக்கவும் இடமில்ல. என்ட மூண்டு வருஷ புரோகிராமிங் வகுப்பில ஆறே பேர். பாஸ்கல், சி, ஜாவா, எந்தப் புரோகிராமிங் மொழியையும் நான் ஒரே கணக்கோடதான் தொடங்குவன். ரெண்டில இருந்து நூறு வரைக்கும் எழுது. ரெண்டை வைச்சுக்கொண்டு அதின்ட மடங்கை எல்லாம் வெட்டு. மறுகா மூண்டு, அஞ்சு, ஏழு. இப்பிடி அரிச்சு முடிய, வெட்டுப்படாமக் கிடக்கிறது பகா எண். மொழி மாறும், கணக்கு மாறாது.

சென்டர் முதலாளிக்கு இது பொறுக்கல்ல. கடைசிச் சோதினையில ஒராளாவது பாஸ் பண்ணாட்டி வகுப்பை மூடி, மெசினை எல்லாம் டைப்பிங்குக்கு எடுப்பன் எண்டார். “மூடுங்க, அதுவரைக்கும் என்ட வகுப்புக்குள்ள தலை நீட்டாதீங்க” எண்டன். அவர் விடல்ல: “மிஸ், மாவை அரிச்சாப் புட்டாவது அவிக்கலாம், இலக்கத்தை அரிச்சு என்னத்தை அவிக்கப் போறீங்க?”

பாஸ்கல்

கரண்ட் எப்ப போகும் எண்டு தெரியாததால, முதல்ல கொப்பியில வெட்டிப் பார்த்திட்டுத்தான் மெசினைத் தொடலாம். இது என்ட சட்டம். ஆறு பேரில ஒருத்தி மாலதி, அவளுக்கு அந்தச் சட்டம் வினையாப் போச்சு. கதிரவெளிப் பிள்ளை, வீட்டைக் கடல் கொண்டுபோக, பிறகு கட்டின கொட்டிலையும் விட்டிட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடி வந்து முகாமில இருந்தவள். ஒருநாள் செக்பொயின்டில ஆமிக்காரர் அவள்ட கொப்பியைப் பிரிச்சா, பக்கம் பக்கமா வெட்டின இலக்கங்கள். ரகசியத் தகவல் எண்டு மறிச்சுப்போட்டாங்கள்.

செய்தி கிடைச்சு ஓடினன். வாய் அடங்கல்ல. “கணக்குப் படிக்கிறதும் குற்றமா?” எண்டு கேட்டு, கொப்பியை வாங்கி ஒவ்வொரு வெட்டையும் விளங்கப்படுத்தினன். ஆமிக்காரப் பொடியன் விரலை வைச்சு வரிவரியாப் பார்த்தான். மறுகா அரைகுறைத் தமிழில கேட்டான்: “மிஸ், தொண்ணூத்தொண்டு ஏழால போறதுதானே, ஏன் வெட்ட இல்ல?”

சி

சி-யில மாலதி அவசரத்தில ரெண்டுக்குப் பதிலா ஒண்டில இருந்து வெட்டத் தொடங்கிட்டாள். ஒண்டின்ட மடங்கு இல்லாத இலக்கம் ஏது? எல்லாம் வெட்டுப்பட்டு, ஸ்கிரீன் வெறுமையாக் கிடந்தது. அதுக்குள்ள மத்த அஞ்சு பேரும் டைப்பிங்குக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டாங்க. இவளும் எழும்பிப் போயிடுவாளோ எண்டு எனக்குச் சரியான பயம். “திருத்தித் தரட்டா?” எண்டு கையை நீட்டினன். அவள் கீபோர்ட்டைத் தன்ட பக்கம் இழுத்தாள்: “வீடு வாசல் போயே திரும்ப வந்தனான் மிஸ், இதுக்கா எழும்பிப் போவன்?”

ஜாவா

சண்டை முடிஞ்ச வருஷம் கடைசிச் சோதினை, ஜாவாவில. ரிசல்ட் வந்த அண்டு முதலாளி எனக்கு முதல் பார்த்திட்டார். மாலதி பாஸ். மனுசன் வகுப்பை மூடுற பேச்சையே எடுக்கல்ல. பல்லைக் காட்டிக்கொண்டு, டைப்பிங் படிப்பிக்க வரச்சொல்லி அவளைக் கேட்டார். என்னைக் கேக்காமலே அவள் பதில் சொல்லிட்டாள்: “டைப்பிங்குக்கு வேற ஆளைப் பாருங்க சேர், நான் மிஸ்ஸோட புரோகிராமிங்தான் படிப்பிப்பன்.”

அப்படியாக, மாணவர் ஒருத்தரும் இல்லாம டீச்சர் மட்டும் ரெண்டு பேர் இருந்த வகுப்பை அந்த வருஷம் ஆராலயும் மூட முடியல்ல.