அத்தானின் தண்ணீர்க் கான்

கனடாவில், ரூஜில் இருக்கும் அக்கா வீட்டுக் கராஜில், பனி அள்ளும் சவளுக்குப் பக்கத்தில், ஒரு நீலத் தண்ணீர்க் கான் கிடக்கிறது. வெயில் பட்டு அதன் ஒரு பக்கம் வெளிறிப் போயிருக்கிறது. அக்காவின் கணவரான என் அத்தான் அதை நிரப்பி ஏற்றாமல் வீட்டிலிருந்து வாகனத்தை எடுத்ததே கிடையாது. யூனியன்வில்லில் ஒரு கலியாணத்துக்குப் போவதென்றாலும் பட்டு வேட்டியோடு குழாயடியில் கானைப் பிடித்தபடி நிற்பார். "உந்தக் கானை ஏனப்பா எல்லா இடமும் காவிக்கொண்டு திரியிறியள்?" என்று அக்கா கத்துவாள். "கிடக்கட்டும், ஆருக்கேனும் உதவும்" என்பார். நாங்கள் பகிடி பண்ணுவோம். ஆனால் ஓரளவோடு நிறுத்திக்கொள்வோம். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தான். அத்தான் கனடாவுக்கு வந்து உழைத்து அவனையும், ஆட்களைக் களவாகக் கொண்டுவரும் ஏஜென்சி மூலம் கூப்பிட்டார். ஆபிரிக்காப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு பாலைவனத்தில் லொறி பழுதாகி நின்றதாம். தண்ணீர் தேடி நடந்து போனவன் திரும்பவில்லையாம். கூடப்போன ஒருவன் பல மாதம் கழித்துத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். அது எந்த நாடு என்று அவனுக்கும் தெரியவில்லை.

அத்தானின் அம்மா அதை நம்பவே இல்லை. "கண்ணால காணாமல் என்ர பிள்ளைக்கு நான் படைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைத்து, காகத்துக்கு வைத்து, அது கொத்திய பிறகு நாம் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். அந்த ஒரு பிடி சோறுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவின் மனதை நோகடிக்க அத்தானுக்கும் துணிவில்லை. அம்மா கண்ணை மூடிய பிறகுதான், ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "தம்பிக்குப் படைக்கவேணும்" என்றார். வீட்டிலேயே செய்யலாமே என்றாள் அக்கா.

"இந்த வீடு அவனுக்குத் தெரியாது. அவன் கடைசியாக் கண்டது பாலைவனம். அங்க போய்க் கூப்பிட்டால்தான் வருவான்."

ஆபிரிக்காவுக்குப் போக வழியில்லை. எந்தப் பாலைவனமென்றாலும் போதும் என்றார் அத்தான். அமெரிக்காவின் மேற்கில் பாலைவனப் பூங்காக்கள் இருக்கின்றன, கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று இணையத்தில் தேடிச் சொன்னது நான்தான். அதனால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். றிச்மண்ட் ஹில் கோயிலில் வாகனச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுப் புறப்பட்டோம். ஐஸ் பெட்டியில் ஸ்காபரோ தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலை இருந்தது. எல்லையில் அதிகாரி அதை விரித்துப் பார்த்தபோது அத்தானுக்கு வியர்த்துவிட்டது. என்ன நினைத்தாரோ, அவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

நாலைந்து நாள் வாகனத்தில் ஓடினோம். சோள வயல்கள் முடிந்து, மலைகள் முடிந்து, கடைசியில் செம்மண்ணும் கல்லும் வானமும் மட்டும் மிஞ்சின. முதல் பூங்காவில் அத்தான் இறங்கவே இல்லை. கல் அதிகமாம். இரண்டாவதில் சனம் அதிகமாம். வீடு வாங்கப் போனபோதுகூட இவ்வளவு குறை சொல்லவில்லை என்றாள் அக்கா. மூன்றாவது இடத்தில் மணல்மேடுகளைக் கண்டதும் வாகனத்தை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சத் தூரம் நடந்தார். "அவனுக்கும் இப்பிடித்தான் சுட்டிருக்கும்" என்றார்.

மறுநாள் காலை கேஸ் அடுப்பில் அக்கா சமைத்தாள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, தம்பிக்குப் பிடித்த நெத்தலிப் பொரியல். அத்தான் குளித்து வேட்டி கட்டி, கூடாரத்துக்கு முன்னால் இலையை விரித்துப் படைத்தார். பிறகு ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போய்க் கல்லொன்றில் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரு பெரிய அண்டங்காகம் வந்து பக்கத்தில் இறங்கியது. அத்தானின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "வந்திட்டான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூங்காக் காவலர் பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். காகம் எழுந்து பறந்தது. இங்கே விலங்குக்கோ பறவைக்கோ சாப்பாடு கொடுப்பது குற்றம், மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிய பறவை பிறகு உயிர்பிழைக்காது என்றாள். நான் விசயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் முடியாது என்றாள். நான் வாதாடத் தொடங்க, அத்தான் தடுத்தார்.

"விடு பிள்ளை. அவ சொல்லுறது சரி. அவன்ர பேரில இன்னொரு உயிர் போகவேண்டாம்."

கல்லிலிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் பொறுக்கி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்தலாமோ எண்டு கேள்" என்றார். கேட்டேன். தண்ணீர் ஊற்றலாம் என்றாள் அவள்.

அத்தான் நீலக் கானைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போனார். மூடியைத் திறந்து சரித்தார். மணல் ஊற்ற ஊற்ற உறிஞ்சியது. "குடியடா அப்பன், ஆறுதலாக் குடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வழிக்குக் கொஞ்சம் வையுங்கோ என்றாள் அக்கா. "இல்லை, மிச்சம் வைக்கக்கூடாது" என்று கானைத் தலைகீழாகப் பிடித்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் தண்ணீர் இல்லாமல் வாகனம் ஓட்டினார்.

போன மாரிக் குளிரில் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது. விழுங்க முடியாமல் போய்விட்டது. தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மருத்துவமனையில் மறித்துவிட்டார்கள். ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்க மட்டும் விட்டார்கள். "தண்ணி" என்ற ஒரு சொல்தான் அவர் வாயில் தெளிவாக வந்தது. அக்கா பஞ்சை நனைத்து நனைத்து ஒற்றினாள். அப்படியே போய்விட்டார். ஊருக்கெல்லாம் தண்ணீர் காவிய மனுசனுக்கு இது நடந்திருக்கவே கூடாது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் போய் முப்பத்தோராம் நாள் வீட்டில் படைத்தோம். பின்வளவு மதிலில் சோறு வைத்தோம். குளிருக்கு ஒரு காகமும் வரவில்லை. அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கராஜுக்குப் போய் நீலக் கானைத் தூக்கிக்கொண்டு வந்து, குழாயில் நிரப்பி, என்னிடம் நீட்டினாள். பனிக்குமேல் சரித்தேன். பனி கரைந்து பள்ளம் விழுந்து, அடியில் கறுப்பு மண் தெரிந்தது. கை விறைத்துப்போய்ப் பாதியில் நிறுத்தினேன்.

"முழுக்க ஊத்து" என்றாள் அக்கா. "அவருக்கு நல்லாத் தண்ணி விடாய்ச்சிருக்கும்."