நார்ச்சத்து குறித்து இரண்டு உத்தரவுகள்

பெருங்குடலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் காரில் போய் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இடைப்பட்ட நாட்களில் என் எல்லை கழிவறையிலிருந்து கூடம் வரை. வருவாய்த் துறையில் ஒரு தாலுகாவையே கட்டி மேய்த்தவனுக்கு நோய் ஒதுக்கிய புதிய அதிகார வரம்பு.

முதல் சுற்று முடிந்ததும் மலச்சிக்கல். குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரையின் கைங்கரியம். "நார்ச்சத்து சேத்துக்குங்க, தண்ணி நெறைய குடிங்க" என்றார் மருத்துவர். கார் திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள் என் மனைவி உறவினர் அத்தனை பேருக்கும் போனில் அதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

மூன்றாவது சுற்றில் நிலைமை தலைகீழ். நிற்காத வயிற்றுப்போக்கு. "இப்போதைக்கு நார்ச்சத்து வேண்டாம். வெள்ளைச் சோறு, மோர், இட்லி போதும். அடங்கினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சேக்கலாம். நிக்கலேன்னா அடுத்த மருந்து ஏத்த முடியாது" என்றார். அதாவது, முந்தைய உத்தரவு ரத்து. பணிக்கால அனுபவத்தில் சொல்கிறேன்: உத்தரவு கடைக்கோடி கிராமம் வரை போய்ச் சேரும், ரத்து உத்தரவு அலுவலக வாசலைத் தாண்டாது.

ஆகவே நார்ச்சத்து வந்துகொண்டே இருந்தது. நாச்சியாபுரத்திலிருந்து வாழைத்தண்டு, பக்கத்துத் தெருவிலிருந்து கம்பங்கூழ், முருங்கைக்கீரை. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தூக்குச்சட்டியோடுதான் வருவார்கள். கண்ணெதிரே நாம் ஒரு வாய் சாப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். "இப்பத்தான் சாப்பிட்டாக, பெறகு குடுக்குறேன்" என்று சொல்லியே மனைவி எல்லோரையும் அனுப்பிவைத்தாள். அது என் அக்காவிடம் மட்டும் செல்லாது.

நான்காவது சுற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா சிங்கம்புணரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். வயிறு அப்போதுதான் சற்று அடங்கியிருந்தது.

"ஏண்டா தம்பி, இப்பிடி வத்திப் போயிட்ட? கவுனி அரிசி கொண்டாந்திருக்கேன். ஊறவச்சு, வேகவச்சு, தேங்காயும் சீனியும் போட்டுக் கெளறுனது. நாரு அம்புட்டும் இதுலதான் இருக்கு."

"மதினி, டாக்டரு இப்ப நாரு வேணாம்னுட்டாரு" என்றாள் மனைவி.

"சேக்கச் சொன்னாருன்னு நீதானத்தா போன் பண்ணுன?"

"அது அப்ப, மதினி."

"அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணா? அவரு டாக்டரா, வானிலை அறிக்கையா?"

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கத் திறந்த வாயில் கரண்டி நுழைந்துவிட்டது. எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போலிருந்த அந்த நாட்களில், இனிப்பு என்று நாக்கு அடையாளம் கண்ட முதல் பொருள் அது. கிண்ணம் காலியாகும்வரை நானும் ஆட்சேபணை எதுவும் எழுப்பவில்லை.

மாலையில் தொடங்கியது. கவுனி அரிசிதான் காரணம் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது; மருந்துக்கும் அதில் பங்கு இருக்கும்.

"ஏங்க, உள்ளயே இருக்கீகளே, நல்லாருக்கீகளா?" என்று கழிவறைக் கதவைத் தட்டினாள் மனைவி.

"இருக்கேன். வேற எங்குட்டுப் போக?"

வெளியே அக்காவின் குரல். "ஒரு கிண்ணம் அரிசிக்கா இம்புட்டு?"

"இது நிக்கலேன்னா நாளான்னைக்கு மருந்து ஏத்த மாட்டாக, மதினி."

அதன் பிறகு அக்கா தூக்குச்சட்டியைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது.

மதுரைக்கு அவளும் கூடவே வந்தாள். வழியில் பெட்ரோல் பங்குகளின் கழிவறைகளை ஒவ்வொன்றாக ஆய்வு செய்துகொண்டே போனேன். மருத்துவமனையில் காத்திருந்தபோது அக்கா காதருகே குனிந்தாள். "தம்பி, கேட்டா பரவால்லன்னு சொல்லிரு. போட்டுக்கிட்டுப் போயிருவோம்."

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் கோப்பு நகரும் என்பது எனக்கு அத்துப்படி. 'எல்லாம் நார்மல்' என்ற இரண்டே சொல் போதும். ஒரு சுற்று தள்ளிப்போனால் கழிவறைக்கும் கூடத்துக்குமான இந்தச் சிறையும் அத்தனை நாள் நீளும். 

"வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார் மருத்துவர்.

வாயைத் திறந்தேன். வயிறு முந்திக்கொண்டது. எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது மனைவி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். கவுனி அரிசி உட்பட. மருத்துவர் என் நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "உடம்புல தண்ணியே இல்ல. இப்ப ஏத்துனா ஆபத்து. இன்னிக்கு குளுக்கோஸ் மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க. ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்." மேல்முறையீட்டுக்கு இடமில்லாத உத்தரவு.

திரும்பும்போது கார் மேலூரைத் தாண்டியது. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இனி என்னதாண்டா குடுக்கலாமாம்?"

"கொழைய வடிச்ச வெள்ளைச் சோறு. மோரு."

"வெறுஞ்சோறா?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்கு நான் எதுக்குடா?"

முன் சீட்டிலிருந்து மனைவி திரும்பாமலே சொன்னாள். "எனக்குச் சோறு பொலபொலன்னுதான் வரும் மதினி. கொழைய வடிக்க ஆளு வேணும்ல."

அந்த வாரம் முழுக்க அக்கா சிங்கம்புணரி பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குக் காவல் இரண்டு பேராயிற்று.