எல்லார் முன்னாலும் என் பிழை

மந்தாரக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். மென்பொருள் எழுதுகிறவர்கள் நான்கு பேர், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண். நான்தான் சீனியர். கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோவேன்.

வடலூரில் ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் முறை செய்து தரும் வேலை வந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே போனில் டோக்கன் எடுக்கலாம். முறை நெருங்கும்போது தகவல் வரும். அதற்கு வேண்டிய கணினி மொழி எங்களில் யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் ஆறு வாரம் சென்னை போயி முறையா படிச்சிட்டு வந்துடுங்க. சர்டிபிகேட்டும் கெடைக்கும்" என்றார் முதலாளி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்பும் அப்படி ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறேன். வகுப்பில் எல்லாம் புரிந்தது. திரும்பி வந்து தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே ஓடவில்லை.

"சார், இங்கயே எங்களுக்குள்ள படிச்சிக்கிறோம். தெனமும் மூணு மணிக்கு ஒரு மணி நேரம். ஒரு மாசம் குடுங்க."

"வரலன்னா?"

"வரலன்னா சென்னைக்கு மொத ஆளா நான் கெளம்பறேங்க."

முதல் வாரம் வீணாகத்தான் போனது. ஒருவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். தெரியாது என்று சொல்ல எல்லாருக்கும் கூச்சம். எனக்குத்தான் அதிகம்.

இரண்டாம் வாரம், நான் அரைகுறையாக எழுதியிருந்த நிரலைப் பெரிய திரையில் போட்டேன்.

"இது எங்க ஒதைக்குதுன்னு எனக்குத் தெரியல. பாத்து சொல்லுங்க."

 சோதித்துப் பார்க்கும் பெண் எழுந்தாள். நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். பி.காம். படித்தவள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நானும் பாத்துகினே இருக்கேன், ரெண்டு பேரு ஒரே நேரத்துல கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே டோக்கன் நம்பர் வருது."

முகம் சுட்டது. ஆனால் அவள் சொன்னது சரி. இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நாலு மணிக்கு யாரும் எழுந்து போகவில்லை.

அந்தப் பிழையோடு நான்கு நாட்கள் போராடினோம். தீரவில்லை. எங்களுக்குள் இல்லாத அறிவை எங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. முதலாளியிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தும் ஒரு பேராசிரியையை அவர் இரண்டு சனிக்கிழமைகளுக்கு அழைத்துவந்தார். இரண்டு பக்கம் கேள்வி எழுதிவைத்திருந்தோம். பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கிளாஸ் எனக்குக் கெடைச்சதே இல்ல" என்றார். முதல் சனிக்கிழமை மதியத்துக்குள் பிழை தீர்ந்தது.

மருத்துவமனையில் டோக்கன் முறை தொடங்கிய திங்கட்கிழமை காலை ஐந்து பேரும் அங்கே போய் நின்றோம். வழக்கமாக நிற்க இடமில்லாத கூடத்தில் பாதி நாற்காலி காலி. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் உட்காரும் முன்பே அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். "அதுக்குள்ளயா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்களோடு வந்திருந்த முதலாளி வாசலில் கேட்டார்: "அடுத்த வேலைய யாரு எழுதறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், அதுவரை சோதிக்கும் வேலை மட்டுமே பார்த்த நெல்லிக்குப்பத்துப் பெண் சொன்னாள்: "நான் எழுதறேங்க சார்."

ஒரு கணம் அவளைப் பார்த்தவர், சரி என்று தலையசைத்தார். அங்கேயே, அத்தனை பேர் நடுவில், நான் கைதட்டினேன்.